600 ஜிபி தரவுக் கோப்பு, 5,20,000 துண்டுகள்: டிஃபிராக் செய்யலாமா? விஎம்களுக்குள்ளும் ஓட்டலாமா?

இரவுக்காவல்
திங்கள், இரவு 11.20

வணக்கம். ஓர் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தைக் கவனிக்கும் பொறுப்பு நான்கு மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. தரவுக் கோப்பு ஒன்றே ஒன்று, 600 ஜிபி. தனி சர்வர், நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் இரண்டு வட்டுகள், ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தரவு). விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்புமுறை, கிளஸ்டர் (இடம் ஒதுக்கும் சிறு அலகு) அளவு 4 கேபி.

முழு பேக்கப் நள்ளிரவு ஒரு மணிக்குத் தொடங்குகிறது. கோப்பு 400 ஜிபியாக இருந்த காலத்தில் அது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்கிறது என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. இப்போது 6 மணி 40 நிமிடம் ஆகிறது. காலையில் ஆட்கள் வந்து உட்காரும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, தரவுத்தளத்தைச் சரிபார்க்கும் செக்டிபி கட்டளை சென்ற வாரம் 665 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது.

வட்டில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃபிராக் கருவியை ஆய்வு மட்டும் செய்யச் சொல்லி ஓட்டிப் பார்த்தேன். அந்த ஒரு கோப்பு 5,20,000 துண்டுகளாகக் கிடக்கிறது. எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு பகீரென்றது.

சனிக்கிழமை இரவு அந்த வட்டு முழுவதையும் டிஃபிராக் செய்துவிடலாம் என்றிருக்கிறேன். அதே கையோடு, பொதுச் சேமிப்பகத்தில் இருக்கும் 40 விஎம்களுக்குள்ளும் (மெய்நிகர் கணினிகள்) ஓட்டிவிடலாம் என்பது திட்டம். அனுபவப்பட்டவர்கள் இது சரியா என்று சொல்ல வேண்டும்.


மேகக்கூட்டம்
செவ்வாய், காலை 7.05

விஎம் பக்கம் கை வைக்க வேண்டாம். நான் பணியில் இருக்கிறேன், இரவு விரிவாக எழுதுகிறேன். அதுவரை தயவுசெய்து ஒரு விஎம்மில்கூட ஓட்டிப் பார்க்க வேண்டாம்.


பழஞ்சுழல்
செவ்வாய், காலை 9.40

தரவுத்தள சர்வரைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

துண்டுகளின் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு துண்டு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 600 ஜிபியை 5,20,000 ஆல் வகுத்தால் சராசரியாகத் துண்டுக்கு 1.2 எம்பி வருகிறது. இது நல்லதா கெட்டதா என்று ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடும்.

7200 சுற்று வட்டு ஒரு முறை சுழல 8.33 மில்லிவினாடி ஆகும். வேண்டிய இடம் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர ஏறக்குறைய 8 மில்லிவினாடி. ஆக, ஒவ்வொரு தாவலுக்கும் 12 மில்லிவினாடிக்கு மேல் வெறுமனே போகிறது. தாவல் இல்லாமல் படித்தால் இந்த வட்டு வினாடிக்கு 150 எம்பி தரும் என்று வைத்துக்கொள்வோம்.

துண்டு 64 கேபி என்றால் படிக்க அரை மில்லிவினாடிகூட ஆகாது. தாவத்தான் 12 ஆகும். கிடைப்பது வினாடிக்கு 5 எம்பி. துண்டு 1 எம்பி என்றால் படிக்க 6.7, தாவ 12.5, கிடைப்பது 52 எம்பி. துண்டு 64 எம்பி என்றால் படிக்க 427 மில்லிவினாடி. அதற்குப் பக்கத்தில் 12.5 ஒரு பொருட்டே இல்லை. 146 எம்பி கிடைத்துவிடும். அதனால்தான் விண்டோஸின் டிஃபிராக் அறிக்கை 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கோப்பு முழுக்க ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இந்த வகுத்தலை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும்.

இப்போது உங்கள் விஷயம். 1.2 எம்பி துண்டுக்கு வினாடிக்கு 58 எம்பி வர வேண்டும். 600 ஜிபியை 6 மணி 40 நிமிடத்தில் படித்தால் வினாடிக்கு 26 எம்பிதான். பாதிகூட இல்லை. சிதறல் உங்கள் வேகத்தைத் தின்கிறது என்பது உண்மை. ஆனால் வேறெதுவோ அதே அளவுக்குத் தின்கிறது. இரவு ஒரு மணிக்கு அந்த வட்டில் இன்னும் என்னென்ன வேலைகள் ஓடுகின்றன? அதைப் பார்க்காமல் சனிக்கிழமை எதையும் தொட வேண்டாம்.


எட்டுகேபி
செவ்வாய், மதியம் 1.15

பழஞ்சுழல் ஐயா சொன்னதற்கு மேல் இரண்டு விஷயங்கள்.

முதலாவது, சிதறல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. கோப்பு வட்டில் துண்டு துண்டாகக் கிடப்பது ஒன்று. கோப்புக்கு உள்ளே, தரவுத்தளத்தின் 8 கேபி பக்கங்கள் இன்டெக்ஸின் (வரிகளைச் சாவிப்படி அடுக்கும் அமைப்பு) வரிசைப்படி இல்லாமல் முன்பின்னாகக் கிடப்பதும், பாதி நிரம்பிய பக்கங்கள் பெருகிப்போவதும் இன்னொன்று. வட்டு டிஃபிராக் கருவிக்கு முதலாவது மட்டுமே தெரியும். கோப்பு முழுவதையும் அது ஒரே துண்டாக்கினாலும் உள்ளே குழம்பிக் கிடப்பது அப்படியே இருக்கும். இன்டெக்ஸை மறுபடி கட்டினால் உள்வரிசை சரியாகும், வெளியே உள்ள துண்டுகள் அப்படியே இருக்கும். பேக்கப் கோப்பின் வரிசையில் படிக்கிறது, ஆகவே அதைப் பாதிப்பது முதலாவது நோய். பெரிய அறிக்கை ஒன்று இன்டெக்ஸ் வரிசையில் படித்தால், இரண்டும் சேர்ந்து பாதிக்கும்.

இரண்டாவது, 5,20,000 துண்டுகள் எப்படி வந்தன? தானாக வளரும் அளவு என்னவென்று பாருங்கள். எஸ்கியூஎல் சர்வர் 2016க்கு முன் தரவுக் கோப்பின் இயல்பு வளர்ச்சி 1 எம்பி. 2016 முதல் 64 எம்பி. பழைய பதிப்பில் உருவாக்கிய தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவந்தாலும் அந்த 1 எம்பி அப்படியே கூட வரும். உங்கள் சராசரித் துண்டு 1.2 எம்பி என்று கேட்டதுமே எனக்கு இதுதான் தோன்றியது.

அந்த வட்டில் வேறு கோப்புகள் உருவாகி அழிகின்றனவா என்பதையும் சொல்லுங்கள்.


இரவுக்காவல்
செவ்வாய், மாலை 6.50

வளர்ச்சி அளவு 1 எம்பியேதான். தரவுத்தளம் இரண்டு பதிப்புகளைக் கடந்து வந்திருக்கிறது, யாரும் அதை மாற்றவில்லை.

வேறு கோப்புகளும் இருக்கின்றன. பரிவர்த்தனைப் பதிவின் பேக்கப் 15 நிமிடத்துக்கு ஒன்று அதே வட்டில்தான் விழுகிறது. மூன்று நாள் கழிந்ததும் அழிக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் சில எம்பி.

இரவு ஒரு மணிக்கு ஓடுவதைப் பார்த்தேன். பேக்கப் தொடங்கும் அதே நிமிடத்தில் செக்டிபியும் தொடங்குகிறது. யாரோ இரண்டுக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.


எட்டுகேபி
செவ்வாய், இரவு 7.30

அப்படியென்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. 15 நிமிடத்துக்கு ஒரு சிறு கோப்பு எழுதப்படுகிறது; மூன்று நாளில் அது போனதும் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. தரவுக் கோப்பு 1 எம்பி வளர இடம் கேட்கும்போதெல்லாம் கோப்புமுறை அந்தப் பள்ளங்களிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறது. இது வருடக்கணக்காக நடந்திருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் டிஃபிராக் செய்தால் மறுநாளே பழையபடி தொடங்கும்.

665 பற்றி: செக்டிபி ஓடும்போது அது தனக்காக ஒரு மறைவான ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்து நிலையைக் காட்டும் நகலை) அதே வட்டில் உருவாக்கும். அது இடைவெளிகள் கொண்ட கோப்பு. மூலத்தில் பக்கம் மாறும்போதெல்லாம் 64 கேபி அளவில் வளரும். என்டிஎஃப்எஸ் ஒவ்வொரு கோப்புக்கும் 1 கேபி பதிவு ஒன்றை வைத்திருக்கிறது. துண்டுகளின் முகவரிகள் அதில் அடங்காதபோது கூடுதல் பதிவுகளைச் சேர்க்கும். அந்தக் கூடுதல் பதிவுகளைக் காட்டும் பட்டியலுக்கு 256 கேபி என்ற உச்சவரம்பு உண்டு. வரம்பு நிரம்பிவிட்டால் வட்டில் எவ்வளவு காலி இடம் இருந்தாலும் கோப்பு மேற்கொண்டு வளராது. 665 என்பது கோப்புமுறை கையை விரித்துவிட்டது என்ற செய்திதான்.

இன்று ஸ்னாப்ஷாட்டுக்கு வந்தது நாளை தரவுக் கோப்புக்கே வரலாம். அப்போது தரவுத்தளம் வேலைநேரத்தில் எழுத முடியாமல் நின்றுவிடும். பேக்கப் மெதுவாக ஓடுவதைவிட இதை நினைத்துத்தான் எனக்குக் கவலை.


புதுமுகம்
செவ்வாய், இரவு 8.10

ஒரு சந்தேகம், பொறுத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் தலையும் இல்லை, சுழற்சியும் இல்லை. அங்கே சிதறலைப் பற்றி நினைக்கவே வேண்டாம் அல்லவா?


பழஞ்சுழல்
செவ்வாய், இரவு 8.45

முக்கால் பங்கு சரி. தாவலுக்கான 12 மில்லிவினாடி அங்கே இல்லை. தவிர, எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டகம் தரவைத் தன் விருப்பப்படி சில்லுகளில் பரப்பி வைத்துத் தனி வரைபடத்தை வைத்திருக்கிறது. கோப்புமுறையில் அடுத்தடுத்து இருப்பது சில்லில் அடுத்தடுத்து இருக்காது. அதனால் பழைய காரணத்துக்காக டிஃபிராக் செய்வது எழுத்துத் தேய்மானத்தை மட்டுமே கூட்டும்.

மீதிக் கால் பங்கு இரண்டு இடத்தில் இருக்கிறது. எட்டுகேபி சொன்ன 256 கேபி வரம்பு கோப்புமுறையைச் சேர்ந்தது. கீழே எந்த வட்டு இருந்தாலும் அது இடிக்கும். இன்னொன்று, 512 கேபி படிக்கச் சொல்லும் ஒரு கோரிக்கை பத்துத் துண்டுகளின்மேல் விழுந்தால், இயங்குதளம் அதைப் பத்துக் கோரிக்கைகளாக உடைத்து அனுப்ப வேண்டும். விண்டோஸின் செயல்திறன் கண்காணிப்பில் வினாடிக்கு எத்தனை கோரிக்கைகள் உடைகின்றன என்று காட்டும் அளவி ஒன்று உண்டு. எஸ்எஸ்டியில் அது தொடர்ந்து உயர்ந்து நின்றால் மட்டும் யோசிக்கலாம். மற்றபடி விட்டுவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் அந்தக் கருவியே எஸ்எஸ்டியைக் கண்டுகொண்டு, காலி இடங்களைத் தெரிவிக்கும் டிரிம் வேலையைத்தான் பெரும்பாலும் செய்கிறது.


மேகக்கூட்டம்
செவ்வாய், இரவு 10.30

காலையில் அவசரமாக எழுதிவிட்டுப் போனேன். ஏன் அப்படிப் பதறினேன் என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் 60க்கு மேற்பட்ட விஎம்கள் ஒரே சேமிப்பகத்தில் இருந்தன. எல்லாம் தின் வட்டுகள். 200 ஜிபி என்று பெயருக்கு இருக்கும், எழுதிய அளவுக்கு மட்டும் கீழே இடம் பிடிக்கும். வேகம் போதவில்லை என்று புகார் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை விண்டோஸ் விஎம்கள் அனைத்திலும் டிஃபிராக்கைத் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

விஎம்முக்குள் இருக்கும் டிஃபிராக் ஒரு துண்டை எடுத்து, காலி என்று தான் நினைக்கும் இடத்தில் எழுதும். அந்த இடம் அதுவரை எழுதப்படாத இடமாக இருந்தால், கீழே தின் வட்டு அதற்குப் புதிதாக இடம் கேட்கும். பழைய இடமோ தானாகத் திரும்பாது. காலி என்று யாராவது கீழே தெரிவித்தால்தான் திரும்பும். அன்றைக்கு எங்களிடம் அது இயக்கப்பட்டிருக்கவில்லை. ஐந்து விஎம்களில் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் வேறு இருந்தன. ஸ்னாப்ஷாட் இருக்கும்போது எழுதுவதெல்லாம் வேற்றுமைக் கோப்பில் போய்ச் சேரும். டிஃபிராக் நகர்த்திய ஒவ்வொரு துண்டும் அந்தக் கோப்பில் புதுத் தரவாக ஏறியது.

அதிகாலை நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது. சேமிப்பகத்தின் காலி இடம் பூஜ்யம். தின் வட்டு விஎம்கள் இடம் கேட்டுக் கிடைக்காமல் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. திரையில் ‘மீண்டும் முயலவா, ரத்து செய்யவா’ என்ற கேள்வி மட்டும் நின்றது. ஸ்னாப்ஷாட்டை நீக்கலாம் என்றால் அந்த இணைப்பு வேலைக்கும் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது. கடைசியில், தேவையில்லாத ஒரு சோதனை விஎம்மை முழுதாக அழித்து, அதில் கிடைத்த இடத்தில் ஒவ்வொன்றாக மீட்டோம். பொழுது விடிந்து நண்பகல் ஆகிவிட்டது.

அத்தோடும் முடியவில்லை. அன்றிரவு ஓடிய கூடுதல் பேக்கப், மாறிய தொகுதிகளை மட்டும் எடுக்கும் வகை. நகர்ந்த தொகுதிகள் எல்லாம் மாறியவை என்றே அதற்குத் தெரியும். வழக்கத்தைப் போல் பல மடங்கு பெரிதாகி, பேக்கப் சேமிப்பகத்தையும் நெருக்கிவிட்டது. தொலைவில் இன்னொரு நகலுக்கு அனுப்பும் இணைப்பும் இரண்டு நாள் பின்தங்கியது.

இத்தனைக்கும் பிறகு வேகம் கூடியதா என்று அளந்து பார்த்தோம். கூடவில்லை. விஎம்முக்குள் அடுத்தடுத்து இருக்கும் முகவரிகளைச் சேமிப்பகம் பல வட்டுகளில் பரப்பித்தான் வைத்திருக்கிறது. பத்து விஎம்கள் ஒவ்வொன்றும் வரிசையாகப் படித்தாலும், கீழே போய்ச் சேரும்போது பத்து வரிசையும் கலந்து சிதறிய கோரிக்கைகளாகவே ஆகிவிடும். உள்ளே ஒழுங்குபடுத்துவது அந்தக் கலப்பை மாற்றாது.

ஆகவே, இரவுக்காவல், உங்கள் 40 விஎம்களில் செய்ய வேண்டியது வேறு. எதிலெல்லாம் வாராந்திர டிஃபிராக் தானாக ஓடும்படி இருக்கிறது என்று பாருங்கள். எதிலெல்லாம் ஸ்னாப்ஷாட் நிற்கிறது, எத்தனை நாள் பழையது என்று பாருங்கள். சேமிப்பகத்தின் காலி இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.


பழஞ்சுழல்
புதன், காலை 6.30

மேகக்கூட்டம் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ‘விஎம் என்றாலே டிஃபிராக் கூடாது’ என்று யாரும் மனப்பாடம் செய்துவிட வேண்டாம். சுழல் வட்டு உள்ள ஒரு தனி ஹைப்பர்-வி சர்வரில், என்டிஎஃப்எஸ் மேல் பல விஎம்களின் வட்டுக் கோப்புகள் சேர்ந்து வளர்ந்தால், அங்கே புரவலனின் (விஎம்களை ஓட்டும் சர்வரின்) பக்கத்தில் சிதறல் உண்மையான பிரச்சினையாகலாம்.

அங்கேயும் என் வகுத்தல்தான் வழி. வளரும் வகை விஎச்டிஎக்ஸ் கோப்பு இயல்பாக 32 எம்பி தொகுதிகளில் வளர்கிறது. ஒவ்வொரு தொகுதியும் தனித்தனியாகச் சிதறினாலும் வினாடிக்கு 142 எம்பி கிடைக்கும். செய்ய ஒன்றுமில்லை. பழைய விஎச்டி வகை 2 எம்பி தொகுதிகளில் வளரும். அது மோசமாகச் சிதறினால் 77 எம்பிக்கு இறங்கிவிடும், பாதி வேகம் போய்விட்டது. அந்தக் கோப்புகளை நிலை அளவுக்கு மாற்றுவதோ, விஎம்மை நிறுத்திக் கோப்பை வேறு வட்டுக்கு நகலெடுத்துத் திரும்பக் கொண்டுவருவதோ பலன் தரும்.


மேகக்கூட்டம்
புதன், காலை 8.00

அதில் மறுப்பில்லை. தனி சர்வர், தனி வட்டு, ஸ்னாப்ஷாட் இல்லை என்றால் புரவலனில் செய்யலாம். நான் தடுப்பது விஎம்முக்குள் ஓட்டுவதை. விஎம்வேரின் விஎம்எஃப்எஸ் கோப்புமுறையிலோ அந்த யோசனையே எழ வேண்டாம். அதன் தொகுதியே 1 எம்பி, ஆறாம் பதிப்பில் பெரிய கோப்புகளுக்கு 512 எம்பி தொகுதியும் உண்டு.

இன்னொரு எச்சரிக்கை, சாதாரணக் கோப்பு சர்வர்களுக்கும் பொருந்தும். விண்டோஸின் நிழல் நகல் இயங்கும் வட்டில் கிளஸ்டர் 16 கேபிக்குக் குறைவாக இருந்தால், டிஃபிராக் நகர்த்துவதையெல்லாம் நிழல் நகல் மாற்றமாக எண்ணிச் சேமிக்கும். ஒதுக்கிய இடம் நிரம்பியதும் பழைய நகல்களைத் தள்ளிவிடும். மீட்க வேண்டிய நாளில் பார்த்தால் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது.


ஊற்றுக்கண்
புதன், மதியம் 12.20

லினக்ஸ் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். இதே தேடலில் இங்கே வருபவர்களுக்கு உதவும்.

எக்ஸ்ட்4 கோப்புமுறையில் ஒரு நீட்சி (தொடர்ச்சியான ஒரு துண்டு) 128 எம்பிக்கு மேல் போகாது. 100 ஜிபி கோப்பை விரிவாகப் பட்டியலிட்டால் குறைந்தது 800 வரி வரும். முகவரிகள் அடுத்தடுத்து இருந்தால் அதற்குப் பெயர் சிதறல் இல்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸில் இயங்கும் நிலையிலேயே ஒழுங்குபடுத்தும் கருவி உண்டு. கோப்பைத் தொடர்ச்சியான இடத்தில் முழுதாக நகலெடுத்து இடம் மாற்றுவதால், கோப்பின் அளவுக்குக் காலி இடம் வேண்டும். விஎம் படிமங்களுக்கு நான் எப்போதும் நீட்சி அளவுக் குறிப்பை முன்பே கொடுத்துவிடுவேன், பிறகு அந்தக் கருவி தேவைப்பட்டதில்லை.

கியூகவ்2 வகை விஎம் படிமம் 64 கேபி கிளஸ்டர்களில் வளர்கிறது. பழஞ்சுழல் ஐயாவின் கணக்குப்படி சுழல் வட்டில் இதுதான் ஆபத்தான அளவு. தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கி உருவாக்குங்கள்.

பிடிஆர்எஃப்எஸ் பயன்படுத்துவோர் கவனமாக இருக்க வேண்டும். எழுதும்போதெல்லாம் புது இடத்தில் எழுதுவது அதன் இயல்பு. தரவுத்தளக் கோப்பும் விஎம் படிமமும் அதில் கண்டபடி சிதறும். கோப்பகம் காலியாக இருக்கும்போதே அந்த இயல்பை அணைத்துவிட்டுப் பிறகு கோப்பை உருவாக்க வேண்டும்; சரிபார்ப்புத் தொகையும் சுருக்கமும் கூடவே போய்விடும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை. அணைக்காமல் விட்டுப் பிறகு டிஃபிராக் செய்தால், ஸ்னாப்ஷாட்டுகளோடு பகிர்ந்துகொண்டிருந்த தரவு பிரிந்து இரட்டிப்பாகும். இசட்எஃப்எஸ்ஸில் டிஃபிராக் கட்டளையே இல்லை. அதன் பட்டியலில் தெரியும் சிதறல் விழுக்காடு காலி இடத்தின் சிதறலைக் குறிக்கிறது, கோப்புகளுடையது அல்ல. அந்த எண்ணைப் பார்த்துப் பதறி எழுதுகிறவர்கள் மிகுதி.


இரவுக்காவல்
வியாழன், காலை 9.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஒரே ஒரு மாற்றம் செய்தேன்: செக்டிபியை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளினேன். பேக்கப் 6 மணி 40 நிமிடத்திலிருந்து 4 மணி 10 நிமிடத்துக்கு இறங்கியது. ஒரு துண்டைக்கூட நகர்த்தாமல் இரண்டரை மணி நேரம் மிச்சம்.

சனிக்கிழமை திட்டத்தையும் நிறுத்திவிட்டேன். ஆனால் மீதிச் சிதறலை எப்படியும் சரிசெய்ய வேண்டும். இயங்கும் தரவுத்தளக் கோப்பின் மேல் டிஃபிராக்கை ஓட்டுவது ஆபத்தா?


எட்டுகேபி
வியாழன், காலை 11.00

ஆபத்து என்று சொல்ல மாட்டேன். துண்டை நகர்த்துவது கோப்புமுறையே செய்யும் வேலை. கோப்பு திறந்திருந்தாலும் நகர்த்தும். ஆனால் நல்ல வழி என்றும் சொல்ல மாட்டேன். 600 ஜிபியையும் அதே இரண்டு வட்டுகளில் படித்து அங்கேயே எழுத வேண்டும். பயனர்கள் அத்தனை நேரமும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். தொடர்ச்சியான காலி இடமும் வேண்டும். இத்தனை செய்தும் கிளஸ்டர் 4 கேபியாகவே இருக்கும், கோப்புப் பதிவும் 1 கேபியாகவே இருக்கும்.

தற்காலிகமாக ஒரு ஜோடி வட்டு கிடைக்குமா? கிடைத்தால் புதிதாக ஃபார்மட் செய்யுங்கள்: கிளஸ்டர் 64 கேபி, கூடவே பெரிய கோப்புப் பதிவு வேண்டும் என்ற தேர்வு. பதிவு 4 கேபியாகிவிடும், 665 வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். சனிக்கிழமை முழு பேக்கப்பை அந்தக் காலி வட்டில் மீட்டெடுங்கள், ஆனால் திறக்காமல் காத்திருக்கும் நிலையில் வையுங்கள். காலியான வட்டில் எழுதுவதால் கோப்பு தொடர்ச்சியாகவே அமையும். இடையில் எடுத்த பதிவு பேக்கப்புகளை வரிசையாக ஏற்றிவிட்டு, பயனர்கள் குறைந்த நேரத்தில் பரிவர்த்தனைப் பதிவின் கடைசிப் பகுதியை எடுத்து அதன்மேல் ஏற்றித் திறந்துவிடுங்கள். நிறுத்தம் சில நிமிடங்கள்தான். கூடுதல் லாபம் ஒன்று உண்டு: உங்கள் பேக்கப் உண்மையிலேயே மீள்கிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

திறந்ததும் கோப்பை ஒரே முறையில் அடுத்த இரண்டு வருடத் தேவைக்கு வளர்த்துவிடுங்கள். தானாக வளரும் அளவை 1 ஜிபியாக்குங்கள். பதிவு பேக்கப்புகளை வேறு வட்டுக்கு அனுப்புங்கள்.


இரவுக்காவல்
திங்கள், காலை 10.05

சொன்னபடியே செய்தேன். சனிக்கிழமை இரவு மீட்டெடுப்பு முடிந்தது. ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கடைசிப் பதிவை ஏற்றினேன். நிறுத்தம் 14 நிமிடம். கோப்பை 900 ஜிபிக்கு வளர்த்தேன். வளர்த்த பிறகு எண்ணிப் பார்த்தேன்: 3 துண்டுகள்.

நேற்று மதியம் செக்டிபி பிழையின்றி முடிந்தது. நேற்றிரவு பேக்கப் 1 மணி 50 நிமிடம். வினாடிக்கு 93 எம்பி வருகிறது. பேக்கப் போய்ச் சேரும் பிணையம் 1 ஜிகாபிட், ஆகவே இனி நெருக்கடி அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் மாறவே இல்லை. மாத இறுதி அறிக்கை முன்பும் 48 நிமிடம், இன்று காலை ஓட்டிப் பார்த்தபோதும் 48 நிமிடம்.


எட்டுகேபி
திங்கள், காலை 11.30

மீட்டெடுப்பு பக்கத்துக்குப் பக்கம் அப்படியே எழுதும், உள்வரிசை மாறாது. இப்போது இரண்டாவது நோயைப் பாருங்கள். அந்த அறிக்கை படிக்கும் பெரிய அட்டவணையின் முதன்மைச் சாவி என்ன? பக்கங்கள் சராசரியாக எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கின்றன?


இரவுக்காவல்
திங்கள், மதியம் 2.40

சாவி ஜியுஐடி, எந்த வரிசையும் இல்லாமல் உருவாக்கப்படுவது. அட்டவணை 84 ஜிபி. சிதறல் 97 விழுக்காடு. பக்கங்கள் 68 விழுக்காடுதான் நிரம்பியிருக்கின்றன.


எட்டுகேபி
திங்கள், மாலை 4.10

விஷயம் அதுதான். புதிய வரி ஒவ்வொன்றும் அட்டவணையின் ஏதோ ஒரு நடுவில் போய் விழுகிறது. நிரம்பிய பக்கம் இரண்டாகப் பிளந்து, பாதி வரிகள் எங்கோ தொலைவில் உள்ள புதுப் பக்கத்துக்குப் போகின்றன. நீங்கள் படிக்கும் 84 ஜிபியில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். நினைவகத்திலும் அந்த வெற்றிடம் இடம் பிடிக்கிறது. நிரப்பளவை 90 என்று வைத்து அந்த இன்டெக்ஸை மறுபடி கட்டுங்கள். கோப்பை வளர்த்து வைத்திருப்பதால் அதற்கு வேண்டிய காலி இடம் உள்ளேயே இருக்கிறது. இரவில் செய்யுங்கள், பரிவர்த்தனைப் பதிவு பெருகும், அதன் வட்டில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

5 விழுக்காட்டுக்கு மேல் மறுவரிசை, 30க்கு மேல் மறுகட்டுமானம் என்ற பழைய வாய்ப்பாட்டை எல்லா இன்டெக்ஸுக்கும் இரவுதோறும் ஓட்ட வேண்டாம். ஒரு வரியாகத் தேடி எடுக்கும் அட்டவணைகளுக்கு அதனால் பயன் ஏதுமில்லை. பதிவும் பேக்கப்பும்தான் பெருகும். வரிசையாகப் படிக்கப்படும் பெரிய அட்டவணைகளை மட்டும் கவனியுங்கள்.


புதுமுகம்
செவ்வாய், காலை 7.45

மறுகட்டுமானத்தால் மிச்சமாகும் இடத்தைக் கோப்பைச் சுருக்கி வட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமா?


எட்டுகேபி
செவ்வாய், காலை 8.20

கூடாது. சுருக்கும் கட்டளை கோப்பின் கடைசியில் உள்ள பக்கத்தை எடுத்து முன்னால் உள்ள காலி இடத்தில் வைக்கும், பிறகு அதற்கு முந்தையதை, பிறகு அதற்கும் முந்தையதை. இரவெல்லாம் கட்டிய வரிசை தலைகீழாகிவிடும். நாளைக்குக் கோப்பு மறுபடி வளரும்போது வெளியிலும் புதுத் துண்டுகள் சேரும். தரவு வளரத்தான் போகிறது என்றால் அந்த இடம் உள்ளேயே கிடக்கட்டும்.


இரவுக்காவல்
புதன், காலை 9.00

நேற்றிரவு இன்டெக்ஸ் மறுபடி கட்டப்பட்டது. அட்டவணை 84 ஜிபியிலிருந்து 64 ஜிபிக்கு இறங்கியது. அறிக்கை 31 நிமிடத்தில் முடிந்தது. சாவியைப் புது வரிகள் கடைசியிலேயே சேரும் வகைக்கு மாற்ற முடியுமா என்று மென்பொருள் எழுதியவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

விஎம்களையும் பார்த்தேன், மேகக்கூட்டம். 40இல் 11 விஎம்களில் வாராந்திர டிஃபிராக் தானாக ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அடிப்படைப் படிமத்திலேயே இயக்கி வைத்திருக்கிறார்கள். அணைத்துவிட்டேன், படிமத்தையும் திருத்திவிட்டேன். ஒரு விஎம்மில் 47 நாள் பழைய ஸ்னாப்ஷாட் இருக்கிறது. சேமிப்பகத்தில் காலி இடம் 9 விழுக்காடு.


மேகக்கூட்டம்
புதன், காலை 9.25

அந்த 47 நாள் ஸ்னாப்ஷாட் இருக்கும் விஎம்மும் அந்த 11இல் ஒன்றா?


இரவுக்காவல்
புதன், காலை 9.40

ஆமாம். வட்டு 300 ஜிபி, வேற்றுமைக் கோப்பு மட்டும் 210 ஜிபி.


மேகக்கூட்டம்
புதன், காலை 9.50

வேலைநேரத்தில் நீக்க வேண்டாம். இணைப்பு நடக்கும்போது அந்த விஎம்மும் சேமிப்பகமும் மந்தமாகும். இன்றிரவு, பேக்கப் முடிந்த பிறகு தொடங்குங்கள். நடுவில் நின்றுவிட்டதுபோல் தெரிந்தாலும் எதையும் ரத்து செய்ய வேண்டாம். காலி இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். நான் விழித்திருப்பேன், ஏதாவது என்றால் இங்கேயே எழுதுங்கள்.


இரவுக்காவல்
வியாழன், காலை 6.10

மூன்றே கால் மணி நேரம் ஆயிற்று. 210 ஜிபி திரும்பிவிட்டது. காலி இடம் 9இலிருந்து 14 விழுக்காடு. விஎம் ஓடிக்கொண்டிருக்கிறது.